பிளஸ் எந்தப் பக்கம் என்று பார்க்காதவர்

தலைவர் அண்ணை, கழகத்தின் புல்லு மெசினை எரிக்கப் பார்த்தது நீங்கள். நான் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கிரிக்கெட் கழகம் கனடாவில் அஜக்ஸ் நகருக்கு வடக்கே ஒரு வெறுங்காணியை வாடகைக்கு எடுத்திருந்தது. காணியோடு, ஏறியிருந்து ஓட்டும் பழைய புல்லு வெட்டும் மெசின் ஒன்றும் கிடைத்தது. என் கணவர் பந்துவீச்சாளர். மற்ற மனைவிமார் சாப்பிட ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவருவார்கள். நான் மெசினில் ஏறுவேன். இரண்டு கோடை அதை ஓட்டியவள் நான்தான். அது உறுமிக்கொண்டு முன்னுக்குப் போகும்போது வந்த சந்தோசம் எனக்கு வேறெதிலும் வந்ததில்லை.

மூன்றாம் வருடம், முதல் மட்சுக்கு ஒரு கிழமை இருக்க, பற்றரி செத்துவிட்டது. குளிர்காலம் முழுக்க அதைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். புல் முழங்கால் உயரம். தலைவர் புதுப் பற்றரி வாங்கி வந்தார். அதே அளவு, அதே பன்னிரண்டு வோல்ட். ஆனால் பிளஸ் முனை மற்றப் பக்கம். சிவப்பு வயர் அதற்கு எட்டவில்லை. எட்டின முனையில் பூட்டத் தொடங்கினார்.

“அண்ணை, மாறிப் பூட்டுறியள்.”

“தங்கச்சி, நான் ஊரில லொறி ஓட்டினவன். நீர் போய்த் தேத்தண்ணியைப் பாரும்.”

கறுப்பு வயர் தொட்டதும் பொறி பறந்தது. புகை வந்தது. பியூஸ் போய்விட்டது. அடுத்த நாள், பொம்பிளை ஓட்டித்தான் மெசின் பழுதானது என்று கழகம் முழுக்கச் சொல்லிவிட்டார். இனி மெசின் திறப்பை, அந்தச் சாவியை, என்னிடம் கொடுப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்கள்.

எனக்கு விசர் வந்தது. வேலை முடிந்து நேரே காணிக்குப் போனேன். பற்றரி வைக்கும் தட்டின் நீளம், அகலம், சீற்றுக்கு அடியில் உள்ள உயரம் எல்லாம் அளந்தேன். எந்த வயர் எந்தப் பக்கம் எட்டும் என்று ஒரு மட்டையில் கீறினேன். அதோடு அஜின்கோர்ட்டில் ஒரு பற்றரிக் கடைக்குக் கணவரை இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரன் என்னைப் பார்க்காமல் அவருக்கே விளக்கினான். அவர் என்னைக் காட்டினார்.

முதல் பற்றரியில் பிளஸ் சரியான பக்கம்தான், ஆனால் உயரம் கூட. நான் ஏறி இருந்தால் சீற்றின் இரும்பு, பற்றரியின் முனைகளில் முட்டும். இரண்டாவது, ஒட்டியிருந்த திகதிப்படி ஒரு வருடமாகக் கடைத் தட்டில் கிடந்தது. மூன்றாவதைத் திருப்பிப் பார்த்தேன். பிளஸ் இடப்பக்கம், உயரம் அளவு, போன மாதம் செய்தது. “உதுதான்,” என்றேன்.

வயர் முனைகளை அரத்தாளால் தேய்த்தேன். புதுப் பியூஸ் போட்டேன். சிவப்பை முதல் பூட்டினேன், கறுப்பைக் கடைசியில். கணவர் எங்கிருந்தோ திறப்பை வாங்கி வந்திருந்தார். ஒரே திருகல். மெசின் பிடித்துக்கொண்டது. நான் கத்தினேன், வெட்கப்படாமல் கத்தினேன். பொழுதுபடும்வரை வெட்டினேன்.

“இறங்குமப்பா, காணும்,” என்றார் கணவர்.

“மாட்டன்.”

சனிக்கிழமை மட்ச் நடந்தது, வென்றோம். பரிசளிப்பில் தலைவர் மைக்கைப் பிடித்து, மெசினைத் தானே திருத்தியதாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். திறப்பைத் தன் மைத்துனரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் ஏறவிடவில்லை.

தலைவர் அண்ணை, மன்னிப்பு எனக்கு வேண்டாம். இந்த வருட ஒன்றுகூடலிலும் மைக் உங்கள் கையில்தான் இருக்கும். மெசினை ஓடவைத்த பற்றரியைத் தெரிந்தெடுத்து வாங்கியது யார், என்ன காரணத்துக்காக என்னிடமிருந்து திறப்பைப் பறித்தீர்கள்? அத்தனை பேருக்கும் கேட்கிறமாதிரி அந்த மைக்கிலேயே பதில் சொல்லுங்கள்.