ஸெலிக்கின் அக்கா எடுத்த படங்கள்

ஜலீலாவுக்கு அந்த வேலை கிடைத்தது வாயால்தான். அவள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில், பிளாசாக் கடைத்தொகுதி ஒன்றின் மூலையில் இருந்த படக் கடை அது. கறுப்பு வெள்ளைப் படம் கழுவ ஆள் தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே போனவள், "எனக்கு அந்த வேலை தெரியாது. கெதியாய்ப் பழகிவிடுவேன். பழகாவிட்டால் அனுப்பிவிடுங்கள்" என்று முதலாளியிடம் தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னாள். ஹொங்கொங்கிலிருந்து வந்த அந்த மனிதர் சிரித்துவிட்டார். பின்னறையின் மருந்து நாற்றத்தில் நிற்க வேறொருவரும் சம்மதிக்காததால் வேலையைக் கொடுத்தார்.

"இருட்டுக்குள்ள நிண்டு என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டார் டாக்சி ஓட்டும் அவள் கணவன் ஷிஹாப்.

"யாழ்ப்பாணத்திலை வாப்பாட துணிக்கடையை நடத்தினனான். இருட்டுக்குள்ள நிக்க ஏலாதோ?"

மூன்று மாதத்தில் முதலாளி அவளை நம்பிப் பின்னறைச் சாவியையே கொடுத்துவிட்டார்.

1995ஆம் ஆண்டு, பனி உருகத் தொடங்கிய நாட்களில் ஸெலிக் என்ற முதியவர் கடைக்கு வந்தார். வடக்கே பாதர்ஸ்ட் வீதிப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் மெழுகுக் கடதாசியில் சுற்றிய நெகட்டிவ் துண்டுகள்.

"இங்கேயே கழுவுகிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா?" என்று கேட்டார்.

"இங்கேதான். நான்தான் கழுவுகிறேன்."

"அப்படியென்றால் நானும் பக்கத்தில் நிற்பேன். இதை யாரிடமும் விட்டுவிட்டுப் போக மாட்டேன்."

ஜலீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "அந்நிய ஆணோடு கதவைப் பூட்டிக்கொண்டு நிற்பது எங்களிடம் இல்லை. நீங்கள் திரைக்கு வெளியே கதிரையில் இருங்கள். ஒவ்வொரு படத்தையும் ஈரத்தோடேயே கொண்டுவந்து காட்டுகிறேன். டின் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு துண்டாகத் தாருங்கள்."

கிழவரின் முகம் முதல் தடவையாக இளகியது. "என் அப்பாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். எங்களிடமும் இல்லை" என்றார்.

அன்று பின்னேரம் முழுவதும் அவர் கதை சொன்னார். போலந்தில் ஒரு நகரம். ஜெர்மன்காரர் யூதர்களையெல்லாம் ஒரு மூலைக்குள் தள்ளி முள்வேலி அடைத்தார்கள். உள்ளே அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வேலை அவருடைய அக்கா மீராவுக்குக் கொடுக்கப்பட்டது. அட்டைக்குப் போக மிஞ்சிய ஃபிலிமில், கோட்டுக்குள் கமராவை மறைத்து அவள் மற்றப் படங்களை எடுத்தாள். அகப்பட்டால் சாவு. கடைசி ரயிலில் ஏற்றப்படுவதற்கு முன் தம்பியைக் கூட்டிப்போய், நிலவறையில் டின்னைப் புதைத்த இடத்தைக் காட்டினாள். தம்பி பிழைத்தான். போர் முடிந்ததும் திரும்பிப் போய்த் தோண்டி எடுத்தான். அக்கா திரும்பி வரவில்லை.

ஐம்பது வருடமாக அலுமாரிக்குள் கிடந்த டின் அது. போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டுக்காக அவர்களுடைய சமூக மண்டபத்தில் கண்காட்சி வைக்கக் கேட்டபோதுதான் அவர் அதை வெளியே எடுத்தார்.

ஜலீலா படங்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள். மருந்துத் தட்டில் வெள்ளைத் தாளிலிருந்து மனிதர்கள் எழும்பி வந்தார்கள். பனியில் வரிசையாகக் கிடத்திய சடலங்கள். நெஞ்சில் நூலால் கட்டிய இலக்கங்கள். கைவண்டியில் அடுக்கிய உடல்கள். வெளியே தொங்கும் ஒரு சின்னக் கால். பிணங்களைச் சுற்றி அழ ஒருவரும் நிற்கவில்லை என்பது அவளுக்கு முதலில் பட்டது. அவளுடைய ஊரில் மய்யித்து வீடென்றால் தெருவே திரண்டுவிடும்.

வேறு படங்களும் வந்தன. யூதரென்று காட்ட நெஞ்சில் நட்சத்திரம் தைத்த கோட்டோடு ஒரு மாப்பிள்ளை. பக்கத்தில் திரைச்சீலைத் துணியை முக்காடாகப் போட்ட பெண். பொலிஸ் தொப்பி போட்டு விளையாடும் பொடியன்கள். ஒரு முட்டைக்கோசைப் பிள்ளையைப் போல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, வாய் நிறையச் சிரிக்கும் ஓர் இளம்பெண்.

"இது யார்?" என்று கேட்டாள் ஜலீலா.

"தெரியாது. அக்காவின் சிநேகிதியாக இருக்கலாம்."

நாலைந்து தடவை வந்து போன பிறகு, ஸெலிக் படங்களை இரண்டாகப் பிரித்தார். சிரிப்பவை, கலியாணம், விளையாட்டு எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளினார்.

"இவற்றைப் பெரிதாக்க வேண்டாம். மண்டபத்துக்குச் செத்தவர்களின் படம் மட்டும் போதும்."

"ஏன்?"

"இப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று நோட்டீஸ் அடித்துக் கொடுப்பவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். இதைப் பார்த்தால், 'சந்தோசமாகத்தானே இருந்திருக்கிறார்கள்' என்பார்கள்."

"அப்படிச் சொல்கிறவன் பிணத்தைப் பார்த்தாலும் சொல்வான். அவனுக்காகவா உங்கள் அக்கா கோட்டுக்குள் கமரா வைத்துத் திரிந்தா?"

கிழவருக்கு முகம் சிவந்தது. "உனக்கு என்ன தெரியும் இதைப்பற்றி?"

"உங்கள் கதை தெரியாது. ஆனால் சிரித்தது யாரென்று தெரிந்தால்தானே செத்தது யாரென்று தெரியும்."

அவர் டின்னை மூடிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். நல்ல வாடிக்கையாளரைத் துரத்திவிட்டாய் என்று முதலாளி முணுமுணுத்தார். "வருவார்" என்றாள் ஜலீலா. பின்னறைக்குப் போனவள், தள்ளி வைத்த படங்களின் நெகட்டிவ்கள் தன்னிடம் இல்லையே என்றுதான் கவலைப்பட்டாள், சொன்னதற்காகக் கவலைப்படவில்லை.

அடுத்த கிழமை அவர் வந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல், "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டும் என்று, ஊரைத் தன் பிடியில் வைத்திருந்த போராளி இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. வரிசையில் விட்டு ஒவ்வொரு பையாகச் சோதித்தார்கள். நகையோடு ஆல்பமும் போயிற்று. புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் உம்மா காய்ச்சலில் கண்ணை மூடி மௌத்தானா.

"என் உம்மாவின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை, மிஸ்டர் ஸெலிக். உங்களிடம் சிரிக்கிற படம் இருக்கிறது. அதைப் பூட்டி வைக்கப் போகிறேன் என்கிறீர்கள். அதுதான் எனக்குக் கோபம் வந்தது."

ஸெலிக் டின்னைத் திறந்தார். முட்டைக்கோசுப் பெண்ணின் நெகட்டிவை எடுத்து நீட்டினார். "பெரிதாகவே போடு" என்றார்.

மே மாதம் கண்காட்சி திறந்தது. ஜலீலாவும் ஷிஹாப்பும் டாக்சியில் போனார்கள். பனியில் கிடந்த சடலங்களுக்குப் பக்கத்தில் கலியாணப் படம் தொங்கியது. கைவண்டிக்கு எதிரே முட்டைக்கோசுப் பெண். சனம் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு கிழவி ஊன்றுகோலோடு அந்தப் பெண்ணின் முன்னால் நின்று உரத்த குரலில் தங்கள் மொழியில் ஏதோ சொன்னா. ஸெலிக் ஓடிப் போனார். கிழவி படத்தைத் தட்டித் தட்டிப் பேசினா. அழுதா, நடுவில் சிரித்தா.

ஸெலிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜலீலாவிடம் வந்தார். "அவளுக்குப் பெயர் மானியா. இந்த அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி. நன்றாகப் பாடுவாளாம். இப்போது பெயர் கிடைத்துவிட்டது."

ஜலீலாவும் கணவரும் டாக்சியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். மோர்னிங்சைட் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, "எங்கட படம் எங்களிட்டை இல்லாட்டில் என்ன? மற்றவையிட்டை இருக்குமெல்லோ" என்றாள்.

"ஆரிட்டை?"

"வாப்பா கூறைச்சீலை வித்த வீடுகள் எத்தினை! எல்லாக் கலியாணத்துக்கும் உம்மாவைக் கூப்பிட்டவை. அந்தச் சனம் முழுக்க இப்ப ஸ்காபரோவிலைதான் இருக்கு."

"வேண்டாம் ஜலீலா. அவைக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்."

"சங்கடப்பட வேண்டியது நானில்லை" என்றாள் அவள்.

அன்றிலிருந்து, பழைய படங்களைப் புதுப்பிக்கக் கொண்டுவரும் யாழ்ப்பாணத்தாரிடமெல்லாம், தொண்ணூறில் தங்களைத் துரத்தியதைச் சொல்லி, உம்மா இருக்கும் படம் உங்களிடம் இருக்கிறதா என்று அவள் நேரே கேட்டாள். சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் பிரின்டை வாங்கிக்கொண்டு போனவர் பிறகு அந்தக் கடைப் பக்கமே வரவில்லை. தியாகலிங்கம் என்ற ஓய்வுபெற்ற தபாலதிபர் மட்டும், "அது நடந்திருக்கக் கூடாது, பிள்ளை. நான் வீட்டிலை தேடிப் பாக்கிறன்" என்றார். மறுநாளே ஆல்பத்தோடு வந்தார். அதில் வாப்பாவின் கடைப் பலகை தெரிந்தது. வாசலில் வாப்பாவின் முதுகு. அதையும் பெரிதாக்கிக் கொண்டாள்.

கோடை முடியும்போது மங்கையற்கரசி வந்தா. டோர்செட் பார்க்கில் இருக்கும் பெண்; எழுபத்தெட்டில் வண்ணார்பண்ணையில் கலியாணம் செய்தவ. ஜலீலா எல்லோரிடமும் கேட்டதைப் போலவே கேட்டாள்.

"துணிக்கடைக்காரற்ற மனுசியோ? ஐயோ, அவ என்ர தலைமயிரைப் பின்னிவிட்டவவெல்லே!" என்று மங்கையற்கரசி அங்கேயே ஆல்பத்தை விரித்தா. பந்தியில் இரண்டாவது வரிசை. யாரோ ஒருவரின் தோள் பாதி முகத்தை மறைத்திருந்தது. மிச்சப் பாதியில் உம்மா லட்டை வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்தவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தா.

ஜலீலா கல்லாவின் மேல் குனிந்து அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். மங்கையற்கரசி சுற்றி உள்ளே வந்து அவளுடைய தோளைப் பிடித்தா. "உங்களைத் துரத்தின அண்டைக்கு நாங்கள் வெளியிலை வந்து ஒரு வார்த்தை கேக்கேல்லை, தங்கச்சி" என்றா.

"இப்ப வந்திருக்கிறியள்தானே. அந்தப் படத்தை ஆல்பத்திலையிருந்து கழட்டித் தாங்கோ, அக்கா. கவனமாய்க் கொப்பி எடுத்துத் திருப்பித் தாறன்."

அன்றே கழுவினாள். பெரிதாக்கியபோது புள்ளி புள்ளியாய்ப் போனது. ஆனாலும் சிரிப்பு கலையவில்லை. புத்தளத்திலேயே தங்கிவிட்ட மூத்த சகோதரி ராத்தாவுக்கு ஒரு பிரதி அனுப்பினாள். இரண்டு கிழமைக்குப் பிறகு ராத்தா தொலைபேசியில் கூப்பிட்டா. முதலில் அழுகை மட்டும் கேட்டது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கத்தினா:

"எடியே, நல்லாப் பாத்தியா? கரையைப் பார், உம்மா உடுத்திருக்கிறது என்ர நீலச் சீலை. என்னட்டைக் கேக்காமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறா!"