ஆட வராதவருக்குத் தினம் பத்துப் புள்ளி குறையும்

அந்த அறையில் எண்ணெய் வாசம் போகவே போகாது. குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து, சுவரெங்கும் முதுகு முதுகாகக் கறை. சீசன் முடிந்தால் லாட்ஜே காலி. எங்கள் மூன்று பேர் கம்பெனிக்கு அப்போது அந்த அறைதான் ஆபீஸ். மத்தியானம் வராந்தாவில் நடந்தால் என் செருப்புச் சத்தமே எனக்குப் பின்னால் வரும்.

நாங்கள் செய்தது, போனில் இரண்டு பேர் மோதும் கோட்டைப் போர் கேம். ரேட்டிங் சிஸ்டம் என் பொறுப்பு. எல்லோருக்கும் ஆயிரம் புள்ளியில் தொடக்கம். பெரிய ஆளை ஜெயித்தால் நிறைய ஏறும், சின்ன ஆளிடம் தோற்றால் நிறைய இறங்கும். அது எல்லோரும் செய்வதுதான்.

நானாகச் சேர்த்த விதி ஒன்று உண்டு... இரண்டு வாரம் ஆட வராதவருக்குத் தினம் பத்துப் புள்ளி குறையும். கூடவே அவர் போனுக்கு ஒரு மெசேஜ். வாசகமும் என்னுடையதுதான்.

"எங்கே போனீர்கள்? உங்கள் கோட்டை சரிந்துகொண்டிருக்கிறது."

எழுதிய அன்று எனக்கு ஒரே பெருமை.

ஒரு வருடம் போயிருக்கும். லிஸ்டில் ஒரு ஜோடி கண்ணில் பட்டது. இரண்டு அக்கவுண்ட், இரண்டும் புளியங்குடியில் ஒரே வீட்டு இன்டர்நெட். தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரே ஓர் ஆட்டம், தங்களுக்குள் மட்டும். எப்போதும் ஒரே அக்கவுண்ட்தான் ஜெயிக்கும்.

ஒரே ஆள் இரண்டு போனை வைத்துக்கொண்டு, ஒன்றைத் தோற்கவைத்து இன்னொன்றுக்குப் புள்ளி ஏற்றும் கள்ள ஆட்டம் ஆடுகிறார் என்று நினைத்தேன். அதைப் பிடிக்க என்னிடம் ஒரு செக்கர் இருந்தது. விரல் எவ்வளவு வேகம், எங்கே நின்று யோசிக்கிறார், எந்தப் பக்கம் முதலில் போகிறார் என்று பார்த்துச் சொல்லும். அது சொன்னது... இரண்டு வேறு வேறு ஆட்கள். சந்தேகமே இல்லையாம்.

எங்கள் கம்பெனி ஓனர் அண்ணாச்சி நம்பவில்லை. "ஏலே, உன் புரோகிராம் சொல்லுதுன்னு விட்டுற முடியுமா? ரெண்டையும் தூக்கிரு. மனசு கேக்கலன்னா நேர்ல போயி பாத்துட்டு வா."

அக்கவுண்டில் இருந்த நம்பருக்குப் பேசினேன். எடுத்தது ஒரு பெண். "ஒண்ணு நான் ஆடுதது, இன்னொண்ணு எங்க அண்ணனுது. வாங்க சார்," என்றார். தென்காசி போய் அங்கிருந்து பஸ் மாறினேன்.

தெருவெல்லாம் எலுமிச்சை வாசம். அவர் வீட்டிலேயே தையல் தைப்பவர், முப்பது வயது இருக்கும். அண்ணனையும் பார்க்க வேண்டும் என்றேன்.

"அண்ணன் செத்து ஏழு மாசம் ஆச்சு சார். எலுமிச்சை லோடு கொண்டு போன லாரி..." என்று நிறுத்திக்கொண்டார்.

வெளியூரில் லோடு இறக்கக் காத்துக் கிடக்கும்போது அண்ணன் அங்கே ஆடுவாராம், தங்கை இங்கே. நான்கு மணி அவர்கள் பேசிவைத்த நேரம்.

பிறகு அண்ணனின் போனை எடுத்துக் காட்டினார். "காரியம் எல்லாம் முடிஞ்சு வீடு அமைதியா கெடக்கும்போது இது வந்துச்சு சார். எங்கே போனீர்கள்னு கேக்குது. வீட்ல யாருக்கும் காட்டல. அவன் கோட்டை சரிஞ்சிரக் கூடாதுல்லா... அதான் ஆடுதேன்."

என் வாசகம். வெட்கமாக இருந்தது.

நான்கு மணி ஆனதும் தையல் மிஷின் பலகையில் இரண்டு போனையும் வைத்தார். தன் போனுக்கு வலது கை, அண்ணன் போனுக்கு இடது கை. "அவன் இடதுகைக்காரன் சார்."

வலது கை படபடவென்று ஓடியது. இடது கை, கேமில் இரண்டு கோட்டைக்கும் நடுவே ஓடும் ஆற்றின் கரைக்கு வந்ததும் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவரும் என்னைப் போலவே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு அது ஆற்றைக் கடக்காமல், காட்டுப்பாதையில் சுற்றி வந்து அவர் கோட்டையைப் பின்பக்கமாகப் பிடித்தது.

"ச்சே... இப்படி வருவான்னு நெனைக்கவே இல்ல சார்."

நடிப்பு இல்லை. நிஜமாகவே ஏமாந்த முகம்.

மறுநாள், அண்ணன் உயிரோடு இருந்தபோது ஆடிய பழைய ஆட்டங்களையும் நான் கண்ணெதிரே பார்த்த அந்த இடது கை ஆட்டத்தையும் செக்கரில் போட்டுப் பார்த்தேன். ஒரே ஆள் என்றது. திரும்பப் போட்டேன். ஒரே ஆள்.

அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விட்டுருலே... ரெண்டு பேராவே இருக்கட்டும்."

விதியை எடுத்தேன், மெசேஜையும் எடுத்தேன். இனி ஆடாவிட்டாலும் அண்ணன் புள்ளி குறையாது என்று அவருக்குப் போனில் சொன்னேன். "சரி சார்," என்றார். அன்றும் நான்கு மணிக்கு ஆட்டம் நடந்தது. மறுநாளும்.

கேம் நினைத்தபடி ஓடவில்லை. சர்வரை மூடப்போகும் தேதியை அவரிடம் நானே சொன்னேன். கடைசி நாள் அந்த ஆட்டத்தை ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தேன். அண்ணன் படை ஆற்றங்கரையில் நின்றது. நின்றது... நின்றுகொண்டே இருந்தது. தங்கையின் படை போய்க் கோட்டையைப் பிடித்துவிட்டது. ஏழு மாதத்துக்கும் மேலே தினம் தோற்றவர் அன்றுதான் ஜெயித்தார்.

போன் செய்து, "ஜெயிச்சிட்டீங்களே," என்றேன்.

"நான் ஜெயிக்கல சார். எவ்வளவோ பாத்தேன், கை நகரவே மாட்டேங்குது... அவன் விட்டுக்கொடுத்துட்டான்."

இப்போது சென்னையில் பெரிய கம்பெனி, அதே ரேட்டிங் வேலை. அன்றைக்கு ஓர் ஆள் மேல் சந்தேகம் வந்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். இன்றைக்கு எத்தனை பேர் ஆடுகிறார்கள், எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்று ஒரு கிராஃப் வரும், அவ்வளவுதான். எப்போதாவது டெஸ்டிங்கில் ஒரு படை காரணமே இல்லாமல் அசையாமல் நிற்கும். நெட் ஸ்லோ என்பார்கள் டீமில். இருக்கலாம். எனக்கு மட்டும், யாரோ யாருக்கோ விட்டுக்கொடுக்கிறார் என்றுதான் தோன்றும்.