மூன்று கதவுகளும் பதினேழு டோக்கன்களும்

பெரிய மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் பத்தொன்பது வருஷமாக டோக்கன் கொடுப்பவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டோக்கனின் பின்புறம் ஆள் வந்த நேரத்தைக் குறித்துக் கொடுப்பது அவள் வழக்கம். "விடியக்காலையே வந்தேன்" என்று யாரும் புருடா விட முடியாது. "இப்பதானே வந்தீங்க" என்று டாக்டரும் தட்டிக் கழிக்க முடியாது.

நாற்பத்தொரு வயதில், வரலாறு, தத்துவம், இலக்கியம் மூன்றையும் சேர்த்துப் படிக்கும் பட்ட வகுப்பில் மாலைநேர மாணவியாகச் சேர்ந்தாள்.

"மூணுலயும் நுனிப்புல் மேஞ்சு என்னத்தக் கிழிக்கப் போற?" என்றார் கணவர்.

"கிழிக்கிறப்ப பாருங்க" என்றாள்.

இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் எடுத்த தலைப்பு, காத்திருத்தல். அங்கேதான் வந்தது வினை. வரலாற்றுப் பேராசிரியர், "இது தத்துவம்மா" என்றார். தத்துவப் பேராசிரியர் இலக்கியத்துக்கு அனுப்பினார். இலக்கியப் பேராசிரியை திரும்ப வரலாற்றுக்கே தள்ளிவிட்டார். மூன்று வாரம் பந்தாடினார்கள். போன இடமெல்லாம், "வெளிய உட்காரும்மா."

அவளும் உட்கார்ந்தாள். ஆனால் சும்மா உட்காரவில்லை.

தலைப்புகளை முடிவு செய்யும் நாளில் மூவரும் ஒரே மேசையில் இருந்தார்கள். அக்கா பையிலிருந்து பதினேழு டோக்கன்களை எடுத்துப் பரப்பினாள். எந்தக் கதவு, உட்கார்ந்த நேரம், உள்ளே கூப்பிட்ட நேரம், அதுவரை மனதில் என்ன ஓடியது என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தாள்.

"முதல் அத்தியாயம் இதுதாங்க. எந்தத் துறைன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் வெளிய உட்கார்றேன்" என்று சொல்லி, புது டோக்கன் ஒன்றில் நேரத்தைக் குறித்தாள்.

அவள் கதவைத் திறப்பதற்குள் மூவரும் பேனாவைத் திறந்து, ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.