படிக்கட்டை முன்னால் வைத்தவர்

நேற்று முன்தினம் அனுப்பம்பட்டு ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். மரகதம் அம்மையாரின் தம்பி போன் செய்தார். "சார், அக்கா போயிடுச்சி. பழவேற்காட்டுக்கு வந்துடு சார்" என்றார். எதிரில் வந்து நின்ற ரயிலில் நான் ஏறவில்லை.

அம்மையார் கட்டடக் கலைஞர். பழவேற்காடு சாலையில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அவர் வரைந்த வகுப்பறைக் கட்டடத்தில் நான் தள எஞ்சினியர். அம்மையார் மகா பிடிவாதக்காரர். வாசலில் நுழைந்ததும் அகலமான படிக்கட்டு, பக்கவாட்டில் லிஃப்ட். "முடியாதவங்களுக்கு லிஃப்ட் கிட்டவே இருக்குது. முடியறவங்க கண்ணுல படிதான் முதல்ல படணும். நாள் பூரா உக்காந்தே கிடக்குற பசங்க கொஞ்சமாவது நடக்கட்டும்" என்பார்.

ஒவ்வொரு திருப்பத்திலும் பெரிய ஜன்னல், பெஞ்ச், தாராளமான இடம். வீண் செலவு என்று கத்தினேன். அவருடைய தாயார் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடித்தவர். "தண்ணியில வரிசையாப் போவாங்க சார். ஒருத்தி நின்னா எல்லாரும் நிப்பாங்க. இன்னாத்துக்கு நின்னேன்னு கேக்க மாட்டாங்க. படியிலயும் அப்படி நிக்கணும்னா இடம் வேணும்" என்றார்.

கட்டட வேலை முடியும் நேரத்தில் பல்கலைக்கழகக் கட்டடக் குழுத் தலைவர் வந்தார். "இதை யார் ஏறுவாங்க? கதவு போட்டு அடைச்சிட்டு, வாசல்ல இன்னொரு லிஃப்ட் வைங்க. இல்ல, நீங்களே மேல வரைக்கும் ஏறிக் காட்டுங்க பார்ப்போம்" என்றார்.

அம்மையார் படி ஏறக் கூடாது என்று இதய டாக்டர் சொல்லியிருந்தார். அது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்கப் போனேன், அம்மையார் முறைத்தார். சொல்லியிருந்தால் படிக்கட்டுக்கு அன்றே கதவு விழுந்திருக்கும்.

ஏறினார். முதல் திருப்பத்தில் நின்று ஜன்னல் வழியே ஏரியைக் காட்டினார். தலைவரும் நின்று பார்த்தார். இரண்டாவதில் அம்மையாரின் உதடு வெளுத்துவிட்டது. "போதும் மேடம்" என்று கிசுகிசுத்தேன். "சும்மா இருங்க சார்." எனக்கு அந்த மனிதரைப் பிடித்துக் கீழே தள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

மூன்றாவது திருப்பத்தில் தலைவர்தான் முதலில் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் அம்மையாரும் உட்கார்ந்தார். ஏரிக்காற்று வந்தது. தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. இப்படியே இருக்கட்டும்மா" என்றார். அம்மையார் தலையை மட்டும் அசைத்தார். பேச மூச்சு இல்லை. அதைத் தலைவர் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய கார் கேட்டைத் தாண்டும் வரை அம்மையார் பெஞ்சைவிட்டு எழவில்லை. பிறகு லிஃப்டில் என் தோளைப் பிடித்தபடி இறங்கினார்.

நேற்று தகனம் முடிந்ததும் நேரே அந்தக் கட்டடத்துக்குப் போனேன். மணி அடித்தது. பிள்ளைகள் சளசளவென்று பேசிக்கொண்டு படியேறிப் போனார்கள். ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. அழுகையை என்னால் அடக்க முடியவில்லை.

போய் வாருங்கள், மேடம். பிள்ளைகள் ஏறுகிறார்கள்.