கஞ்சாப் பட்டிமன்றமும் ஒரு கூம்பு ஸ்பீக்கரும்

மைக் செட் தொழிலில் பாதி வேலை மரம் ஏறுவது. மீதி வேலை, ஏறிய மரத்திலிருந்தே திட்டு வாங்குவது. கொத்தனார் ராயப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்ததும் ஒரு மரத்தின் மேலிருந்துதான். உறுவையாறு கிராமத்தில் அவர் வீட்டெதிரே இருந்த பூவரச மரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அவர், கூம்பை இந்தப் பக்கம் திருப்பு என்று கையைக் காட்டினார்.

அவருக்கு வயிற்றில் புற்று. பெரிய ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாட்டு வைத்தியர் கஞ்சா இலை சேர்த்துக் கிண்டிக் கொடுத்த லேகியத்தில்தான் அவருக்கு ராத்தூக்கம். அன்று சாயங்காலம் அந்த மரத்தடி மேடையில், கஞ்சா விற்கலாமா கூடாதா என்று பட்டிமன்றம். அவர் ஏன் கையைக் காட்டினார் என்று விளங்க, முதலில் எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கம் திருப்பு

மைக் செட் வைத்துப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். கூம்பைக் கட்டி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். குழந்தை தூங்குகிறது, மாடு கன்று போட்டிருக்கிறது, சம்பந்தி வந்திருக்கிறார். காரணம் எதுவானாலும் கோரிக்கை ஒன்றுதான்: கூம்பை அந்தப் பக்கம் திருப்பு. திருப்பினால் அந்தப் பக்கத்துக்காரர் வருவார்.

வில்லியனூர் சந்தை அருகே ஒரு தேர்தல் கூட்டம். எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் கூம்பை வானத்தைப் பார்க்கக் கட்டினேன். வேட்பாளர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு மேடையை விட்டு இறங்கி வந்தார்.

"யோவ் மைக் செட்டு, நான் இன்னா சாமிகிட்டயா ஓட்டு கேக்கறேன்?"

வராத தண்ணி

மேடை இல்லாத நாளில், எங்கள் பக்கத்து ஊராட்சியான கொம்யூன் பஞ்சாயத்தின் அறிவிப்புதான் எனக்குச் சோறு போட்டது. சைக்கிள் ரிக்‌ஷாவில் கூம்பைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். வரி கட்டுங்கள், காலரா ஊசி போட்டுக்கொள்ளுங்கள், மண்ணெண்ணெய் வந்திருக்கிறது. இப்படியே பல வருஷம் போனதில், கூம்பில் வந்தது எல்லாம் சர்க்கார் சொன்னது என்று ஜனங்களுக்கு மனதில் பதிந்துவிட்டது.

ஒரு நாள் ரிக்‌ஷாக்காரர் பேச்சு சுவாரசியத்தில் வேறு சாலையில் திரும்பிவிட்டார். நானும் கவனிக்காமல், பக்கத்து ஊருக்குச் சொல்ல வேண்டிய "நாளை குடிநீர் வராது" என்பதை உறுவையாற்றில் சொல்லிக்கொண்டே போனேன். பெண்கள் அண்டா குண்டான் எல்லாம் நிரப்பிவிட்டார்கள். மறுநாள் நிஜமாகவே தண்ணீர் வரவில்லை. எனக்கே ஆச்சரியம். மோட்டார் ரூமுக்குப் போய் விசாரித்தேன். மோட்டார்காரர் காலை நீட்டிப் படுத்திருந்தார். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை.

"நீதானப்பா வராதுன்னு மைக்ல சொல்லிட்டுப் போன. அப்புறம் நான் எப்படிப் போடறது?"

நேற்று தடை, இன்று கடை

எண்பதுகளின் தொடக்கத்தில், கஞ்சாவை அடியோடு நிறுத்த டில்லியில் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. டீக்கடைகளில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. சாராயக்கடையை வருஷா வருஷம் ஏலம் விடறாங்க, இலைக்கும் ஒரு கடை விட்டா இன்னா என்று ஒரு கட்சி. இருக்கிற கடையிலேயே குடும்பம் அழியுது, இன்னொண்ணு வேறயா என்று மறு கட்சி. இரண்டு கட்சியும் கூட்டம் போட்டன. சுற்று வட்டாரத்தில் மைக் செட் என்னுடையதுதான்.

முதல் நாள் "தடை செய்" என்று கூவிக்கொண்டு போன அதே ரிக்‌ஷாவில் மறுநாள் "கடை திற" என்று கூவிக்கொண்டு போனேன். தலையில் புல்லுக்கட்டோடு எதிரே வந்த ஒரு பெண்பிள்ளை வண்டியை நிறுத்தினாள். "நேத்து ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்ற. வூட்டுல பொண்டாட்டிகிட்ட இன்னாதான் சொல்லுவ?" என்றாள். இதை அன்று சாப்பிடும்போது என் மனைவியிடம் சொன்னேன். அவள் இருந்தவரை மைக்கைத் துடைத்துத் துணியில் சுற்றி வைப்பது அவள் வேலை. துடைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்:

"எங்கிட்ட நீங்க எங்க பேசியிருக்கீங்க? எல்லாத்தையும் இதுலதான் பேசிட்டு வர்றீங்க."

அஞ்சலை பிடித்த மைக்

ராயப்பன் வீட்டெதிரே திருவிழாவுக்கு வைத்த அந்தப் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு, "கஞ்சாவுக்குக் கடையா, தடையா?" அணிக்கு மூன்று பேர். நடுவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எல்லாரும் எதுகை மோனையோடு நன்றாகத்தான் பேசினார்கள். கைதட்டு வாங்கினார்கள். நடுவர் தீர்ப்புச் சொல்வதற்குள் அஞ்சலை மேடையேறிவிட்டாள். நடவுக்கும் களைக்கும் போகிறவள். அவளுடைய ஒரே மகன் மில் வேலையை விட்டுவிட்டு, கண் சிவக்கக் குளத்தங்கரையில் கிடந்தான். அது ஊருக்கே தெரியும். அதனால் யாரும் அவளைத் தடுக்கவில்லை.

உலக்கையைப் பிடிப்பது போல மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். கூம்பு கீச்சென்று கத்தியது. நான் சத்தத்தைக் குறைத்தேன். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தடையா கடையா சொல்லும்மா என்றார் நடுவர்.

"கடை வெச்சாலும் வெச்சிக்கோங்க. எம் புள்ள வர்றப்ப மட்டும் மூடிடுங்க."



இந்தப் பக்கம் திருப்பு

அஞ்சலை பேசியதுகூட ராயப்பன் காதில் விழுந்திருக்கும். நான் கூம்பை அவர் பக்கம்தானே திருப்பியிருந்தேன். மத்தியானம் அவர் கையைக் காட்டியபோது நான் தப்பாகப் புரிந்துகொண்டு, பழக்க தோஷத்தில் அந்தப் பக்கம் திருப்பினேன். அவர் தலையை ஆட்டி, மறுபடி தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். என் தொழிலில் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். இலையை மறைவாக விற்கிறவன், சட்டம் வந்தால் கிடைக்காது என்று பயமுறுத்தி வைத்திருந்தான். அவர் மனைவி சகாயம் இலையை முந்தானையில் மறைத்துத்தான் கொண்டு வருவாள். லேகியம் நின்றுபோனால் அந்த வலியை என்ன செய்வது என்பதுதான் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் கவலை.

நடுவர் எழுந்தார். புகைக்கிறவனுக்குத் தடை, நோயாளிக்கு மருந்தாகக் கொடுக்கத் தடை இல்லை, இதுவே தீர்ப்பு என்று மணியடித்தார். கூட்டம் கலைந்தது. நான் ஒயரைச் சுற்றிக்கொண்டு மரத்தடிக்குப் போனபோது சகாயம் வாசலிலிருந்து அவசரமாக வந்தாள்.

"அண்ணே, மரம் ஏறாதீங்க. இப்பதான் தூங்கறாரு. தீர்ப்பு கேட்டதும் இன்னா சொன்னாரு தெரியுமா? 'சர்க்காரே சொல்லிட்டுது, இனிமே மறைச்சிக் கொண்டாராத'ன்னாரு. மெய்தானாண்ணே?"

பட்டிமன்றத் தீர்ப்பு மேடையை விட்டுக் கீழே இறங்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கூம்பில் கேட்டதை நம்பி மோட்டாரை நிறுத்தியவரையும் எனக்குத் தெரியும். "ஆமாம்மா, நானும் கேட்டேன்" என்றேன். அது பொய்யில்லை. கூம்பை மரத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

விடிவதற்குள் ராயப்பன் தூக்கத்திலேயே போய்விட்டார். காலையில் கூம்பை அவிழ்க்கப் போனவன் சாவு வீட்டில் உட்கார்ந்தேன். அவர் முகத்தில் வலி இல்லை. எனக்கு அழுகை வர வேண்டியது, நிம்மதிதான் வந்தது. பிறகு டில்லிச் சட்டம் வந்தது. இலை விற்றவன் மல்லாட்டைக் கடலை வறுத்து விற்கப் போனான். அஞ்சலை மகன் கொஞ்ச காலம் திண்டாடி, பிறகு அரியாங்குப்பத்தில் சைக்கிள் கடையில் சேர்ந்தான். தடையை அறிவித்துக்கொண்டு ரிக்‌ஷாவில் நான் போனபோது, ராயப்பன் வீட்டைத் தாண்டும்போது, அதைக் கேட்டுக் கலங்க அவர் இல்லாததால், மைக்கை அணைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. வாசலில் நின்ற சகாயத்திடம், கூம்பை இறக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்ண்ணே. அவரு கேட்டுத் திருப்பினது."

ஊரெல்லாம் கூம்பை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லியே என் தொழில் முடிந்துபோனது. துருப்பிடித்த அந்த ஒரு கூம்பு மட்டும் பூவரச மரத்தில் இன்னும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.