பெருமாள் ஒட்டாத பானெட்

ஜலஜா பார்த்துச் சொன்ன காரை இதுவரை யாரும் வாங்கியதில்லை.

செகந்திராபாத்தில் ஒரு இன்சூரன்ஸ் சர்வேயர் ஆபீசில் அவளுக்கு வேலை. அடிபட்டு வரும் வண்டியைச் சுற்றி வந்து, எதை மாற்ற வேண்டும், எதைத் தட்டி நிமிர்த்தினால் போதும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுத வேண்டும். அதனால் மெட்டுகூடாவில் அவள் தெருவில் யார் பழைய கார் வாங்கப் போனாலும் அவளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அவள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பாள், எழுந்து ஒரு தொகையைச் சொல்வாள். போனவர்கள் விற்பவர் வீட்டில் டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

வீட்டில் முதல் டிகிரி அவளுடையது, அதுவும் மெக்கானிக்கல். ஆகவே அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பாதவள் அவள் ஒருத்திதான். வாங்காத காரை யாரும் பழுது பார்ப்பதில்லையே, தான் சொன்ன தொகை சரியா என்று எப்படித் தெரியும்? ஆபீசிலும் அவள் எழுதுவதைச் சர்வேயர் சார் திருத்தித்தான் அனுப்புவார். எனக்கு நிஜமாகவே தெரியுமா, இல்லை தெரிந்த மாதிரி பேச மட்டும் தெரியுமா? பல் தேய்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடும்.

இந்த நிலைமையில்தான் அல்வாலில் அந்தச் சிவப்புக் காரைப் பார்த்தாள். இரண்டே சீட், துணிக்கூரை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பதினாறு வயது ஸ்போர்ட்ஸ் கார். காஞ்சன்பாகில் வேலை பார்த்து ரிட்டையரான ஒருவர் ஆசைக்கு வாங்கி, மகனோடு இருக்கக் கனடா போகும்போது தம்பி மகன் ஹர்ஷா தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஹர்ஷா சாஃப்ட்வேர் பையன். கார் அவனுக்கு பார்க்கிங் தகராறு, அவ்வளவுதான். விலை மூன்றரை லட்சம்.

ஜலஜாவிடம் நாலு வருஷச் சேமிப்பு நாலரை லட்சம் இருந்தது. அப்படியென்றால் ரிப்பேர் ஒரு லட்சத்துக்குள் முடிய வேண்டும். முதல் தடவை பார்த்துவிட்டுப் பென்சிலில் எழுதினாள்: தொண்ணூற்றெட்டாயிரம்.

அந்தத் தொகையைப் பார்க்க அவளுக்கே சிரிப்பு வந்தது. கிளட்ச் வழுக்குகிறது, ஆனால் ஆறு மாசம் ஓடும் என்று கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தாள். கூரை கிழிந்திருக்கிறது, மழைக்காலத்தில் மூடி வைத்தால் போகிறது. டயரில் பொறித்திருந்த தேதி ஏழு வருஷம் பழசு, ஆனால் பார்க்க நன்றாக இருக்கிறது. இதையே அடுத்த தெரு ஸ்மிதா வாங்கப் போயிருந்தால் ஜலஜா ஒன்றையும் விட்டிருக்க மாட்டாள்.

"நானும் வந்து ஒரு தட்டு தட்டிப் பாக்கறேன்" என்றார் அப்பா ஜெகதீஸ்வரன்.

முப்பத்தாறு வருஷம் லாலாகூடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். அங்கே சுத்தியலால் சக்கரத்தைத் தட்டுவார்கள். 'ணங்' என்றால் நல்லது, 'டப்' என்றால் விரிசல். ரிட்டையரான பிறகும் கை நிற்கவில்லை. போவன்பள்ளி மார்க்கெட்டில் பூசணிக்காயை அவர் தட்டும்போது கடைக்காரர் தானாகவே பத்து ரூபாய் குறைப்பார். பெரிய மகளைப் பெண் பார்க்க வந்தவரின் ஸ்கூட்டரையும் தட்டியிருக்கிறார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் அல்வாலுக்குப் போனார்கள். அப்பாவின் ஜோல்னாப் பையில் சின்னச் சுத்தியல். கூடவே, வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த, திருப்பதியில் வாங்கிய பெருமாள் காந்தம். அடிபட்ட தகரத்தின் பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்பியிருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. இதை அவருக்குச் சொல்லித் தந்ததே ஜலஜாதான்.

பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"ஹர்ஷா, நான் வரதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"ஹவ் மேடம், ஆமா, பத்து நிமிஷம். சும்மா."

"சூடான இன்ஜின் பொய் சொல்லும், கோளாறு வெளிய தெரியாது. ஆறட்டும்." பாயை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தாள்.

மேலே அப்பா வேலையைத் தொடங்கினார். கதவில் பெருமாள் ஒட்டினார். பின்பக்கமும் ஒட்டினார். பானெட்டில் வைத்ததும் சர்ரென்று வழுக்கி அப்பாவின் கையில் விழுந்தார்.

"தம்பி, இங்க பாரு! பெருமாளே நிக்கமாட்டேன்றாரு!"

"கைக்கு அங்கிள்? ஏன்?"

"உள்ள தகரமே இல்ல. பூரா பட்டி. நம்பிக்கை இல்லன்னா சத்தம் கேளு."

"நக்கோ அங்கிள், வேணாம், சுத்தி நக்கோ..."

டப். டப். டப்.

ஜலஜா தலையில் இடித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் ஹர்ஷாவின் முகம் வெளுத்திருந்தது. "பெரியப்பா சொல்லவே இல்ல மேடம், காட் ப்ராமிஸ். டூ ஃபிஃப்டி குடுங்க. பட்டி வண்டின்னு வெளிய மட்டும் சொல்லாதீங்க."

அப்பா அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். சுத்தியலின் மூன்று தட்டில் ஒரு லட்சம் இறங்கியிருந்தது.

விட்டுவைத்த செலவுகளையெல்லாம் ஜலஜா மனசுக்குள் ஒழுங்காகச் சேர்த்துப் பார்த்தாள். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். இரண்டரையோடு கூட்டினால் நாலு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். கையில் நாலரை. பென்சிலை அழித்து உண்மையை எழுதினாலும் கார் அவளுடையது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் அந்த ஒரு லட்சத்தை இறக்கியது அவள் கண் இல்லை, அப்பாவின் தப்பு. தப்பு என்று அங்கே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நாளைக்கு யாராவது 'எப்படி இவ்வளவு மலிவாகப் பிடித்தாய்' என்று கேட்டால் என்ன சொல்வாள்?

"ஹர்ஷா, அது பட்டி இல்ல" என்றாள். வாய் முந்திக்கொண்டது. "அலுமினியம். எடை குறையணும்னு பானெட்டை மட்டும் அப்படிச் செய்வாங்க. காந்தம் ஒட்டாது. தட்டினா ணங்குன்னும் கேக்காது."

"அலுமினியமா?" என்றார் அப்பா. "நம்ம வீட்டு சோத்துக்குண்டானா?"

"அதேதான்ப்பா."

ஹர்ஷாவுக்கு உயிர் வந்தது. "அப்போ பட்டி இல்ல. அப்போ த்ரீ ஃபிஃப்டிதானே?"

"ஆமா."

அவன் சந்தோஷமாகப் பானெட்டைத் தடவினான். கை நின்றது. குனிந்து வெயிலுக்கு எதிராகப் பார்த்தான். "அப்போ இந்த மூணு பள்ளம்?"

அப்பா சுத்தியலை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

ஜலஜா நோட்டைப் பிரித்து, பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். கிளட்ச், கூரை, டயர், இன்ஜின் செயின், சஸ்பென்ஷன் என்று வரிசையாக எழுதினாள். கடைசி வரி: 'பானெட், மூன்று பள்ளம், 12,000. வாங்க வந்தவர் பொறுப்பு.' போனில் பன்னிரண்டாயிரத்தை அனுப்பிவிட்டு, தாளைக் கிழித்து ஹர்ஷாவிடம் கொடுத்தாள். "மூணரைக்கு என்னால முடியாது ஹர்ஷா. வாங்கறவங்ககிட்ட இதைக் காட்டுங்க."

ஸ்கூட்டரில் திரும்பும்போது அப்பா பின்னாலிருந்து, "ரெண்டரைக்கு முடிஞ்சிருக்கும்" என்றார்.

"முடிஞ்சிருக்கும்ப்பா."

"ஏம்மா சொன்ன?"

"நீ ஏன்ப்பா மூணு தடவை தட்டின? ஒண்ணு போதாதா?"

"முதல் சத்தத்தை நானே நம்பல" என்றார்.

வீட்டுக்குப் போனதும் அம்மா, "கார் எங்க?" என்று கேட்கவே இல்லை. "டீ நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஹர்ஷாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. காரைப் படம் பிடிக்க வந்தவர்கள்தான் அதிகம், வாங்க யாரும் வரவில்லை. வெறுத்துப்போய், அவள் கொடுத்த தாளை அப்படியே ஒரு மெக்கானிக்கிடம் நீட்டி எல்லாவற்றையும் செய்துவிட்டானாம். இப்போது ஜூபிலி ஹில்ஸில் ஒருவர் ஆறு லட்சத்துக்குக் கேட்கிறாராம். போட்டோவில் இருந்தது பில். பானெட் தனி. மீதி, ஒரு லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்து நானூறு.

அவள் தொகைக்கும் பில்லுக்கும் ஐயாயிரத்து நானூறு வித்தியாசம். ஒரு கூலன்ட் பைப்பைத் தவறவிட்டிருந்தாள். ஜலஜா அந்த பில்லைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ரிசல்ட் வந்த அன்றுகூட மார்க்ஷீட்டை இத்தனை முறை பார்த்ததில்லை. பைப்பை எப்படி விட்டேன் என்று கொஞ்சம் திட்டிக்கொண்டாள், கூடவே சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

கீழே இன்னொரு செய்தி: 'சண்டே வண்டி போயிடும். அதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு ஓட்றீங்களா மேடம்? அங்கிளும் வரலாம். சுத்தி நக்கோ.'

சனிக்கிழமை காலை அல்வால் தெருக்களில் அந்தச் சிவப்புக் கார் கூரையைத் திறந்துகொண்டு போனது. பக்கத்து சீட்டில் அப்பா, வெறுங்கையோடு. "பாய் போட்டு உக்காந்த மாதிரி இருக்குதே" என்றார்.

முதல் வேகத்தடை வந்தது. வண்டியின் வயிறு உரசும் என்று ஜலஜாவுக்குத் தெரியும். பிரேக்கை மிதித்தாள். அவள் சொல்லும் முன்பே அப்பா கதவைத் திறந்து இறங்கினார். ரோட்டில் குனிந்து கன்னத்தைத் தார் வரை கொண்டுபோய் இடைவெளியை அளந்தார். பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. அவர் நிதானமாக எழுந்து நின்று, சட்டைப் பையிலிருந்து பச்சைக் கைக்குட்டையை எடுத்து ரயிலுக்குக் கொடி காட்டுவதுபோல் உயர்த்தி ஆட்டினார்.

ஜலஜா கிளட்சை விட்டாள். அது வழுக்கவில்லை.