இறால் குஞ்சுக்குப் பாசி ஆக்கிப் போட்ட கதை

ஊரெல்லாம் பாசியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்க, அதை ஏ.சி. அறையில் வைத்து, லைட் போட்டு, காற்று ஊதி வளர்ப்பதுதான் எங்கள் தொழில். கடலோரத்து இறால் குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றில் தீன்பாசி அறை என் பொறுப்பு. மாடோ, வேளாண்மையோ, பிள்ளையோ, எதையாவது வளர்த்து, 'தின்றது உடம்பில் பிடிக்குதா' என்று கவலைப்பட்டவர்களுக்கு என் பாடு விளங்கும்.

ரெண்டு கறி

நிந்தவூரில் எங்கள் பக்கத்து வீட்டு ஸம்சியா ராத்தா ஒருநாள் வெறும் போத்தலோடு வந்தா. அவவின் மகன் நன்றாகத்தான் சாப்பிடுகிறான், உடம்பு மட்டும் தேறவில்லை. நான் வளர்க்கும் பாசியில் புரதம் நிறைய என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அது இறால் குஞ்சுக்கு ஆக்கிறது ராத்தா, மனிசருக்கில்ல" என்றேன். விடவில்லை, அதில் அப்படி என்னதான் இருக்கு என்று கேட்டா. ஒரு பாசியில் இருக்கும் நல்ல கொழுப்பு இன்னொன்றில் இராது, அதனால் ரெண்டு வகையைக் கலந்து கொடுப்போம், ஒன்றை மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், குஞ்சு வளராது என்றேன். "ஒங்கட மகன் என்ன சாப்பிடுறார்?" என்று கேட்டேன். ராத்தா போத்தலை மூடிக்கொண்டு எழும்பினா.

"இறால் குஞ்சுக்கு ரெண்டு கறி, என்ட மகனுக்கு மூணு நேரமும் பரிப்பும் சோறும்!"

சாயம்

எங்கள் முதலாளி ஹாஜியார் முன்பு நெல் ஆலை நடத்தியவர். புதிதாய்ப் பொரித்த குஞ்சுக்கு நான் கொடுக்கும் பாசித் தண்ணீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் இருக்கும். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "சாயம் காணா, புள்ள. இன்னும் கடுக்க விடுங்க."

"இளசா இரிக்கக்குள்ளதான் புரதம் கூட, ஹாஜியார். முத்தினா மாவும் எண்ணெயும்தான் சேரும்" என்றேன். கேட்கவில்லை. அவர் சொன்னபடியே கடுக்க விட்டோம். தொட்டியைப் பார்த்தால் விருந்து வைத்த மாதிரி இருந்தது.

குஞ்சு வளர வேண்டுமென்றால் தோல் கழற்ற வேண்டும். புரதம் போதாத எங்கள் குஞ்சுகளால் அது ஏலவில்லை. ஒரு காலையில் தொட்டியின் அடியில் உப்புக் கொட்டியது போல வெள்ளையாய்க் கிடந்தன. பாதிக்கு மேல் மௌத்து. ஹாஜியார் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார். செத்த குஞ்சுகளின் குடலெல்லாம் நிறைந்திருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"நெல்லு முத்தினாத்தான் நெல்லு. ஒங்கட பாசி முத்தினா வைக்கலா?"

வாயால் ஒரு சொல்

தப்பிய குஞ்சுகளையாவது கொடுத்துவிடலாம் என்று ஹாஜியார் நினைத்தார். வாங்க வந்தவர் ஹபீபா மாமி. கணவர் படுக்கையில் விழுந்த பிறகு இறால் குளத்தைத் தனியாகப் பார்ப்பவ. வெள்ளைப் பேசினில் குஞ்சுகளைக் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினா.

"நீதானே தீன் போட்ட? ஒன்ட வாயால சொல்லு மகள், இதுகள் தப்புமா?"

ஹாஜியார் பக்கத்திலேயே நின்றார். வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்: "சத்துப் பிடிக்காத குஞ்சுகள், மாமி. அடுத்த முறை பொரிக்கும் வரைக்கும் பொறுங்க." மாமி தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு போனா. ஹாஜியார் வாசல் வரை போய், திரும்பி வந்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"இனிப் பாசிட சாயத்த நீங்க பாருங்க. நான் தேத்தண்ணிச் சாயத்தோட நிக்கிறன்."

நோன்பும் தீனும்

அடுத்த குஞ்சுகள் பொரித்தது நோன்பு மாதத்தில். ஒருநாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கரண்ட் நின்றது, ஜெனரேட்டரும் இயங்கவில்லை. காற்று நின்றால் பாசி அடியில் படியும், குஞ்சுக்கு எட்டாது. நானும் கூட வேலை செய்யும் ரினோஸாவும் தட்டையான பிளாஸ்டிக் துடுப்புகளால் தொட்டிகளை மெதுவாகக் கலக்கத் தொடங்கினோம். தொண்டை வறண்டது, கை மரத்தது. ஹாஜியாரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஒரு துடுப்பைப் பிடித்தார். "நோன்பு நமக்குத்தானே கடமை, இதுகளுக்கில்லயே" என்றாள் ரினோஸா. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகுதான் கரண்ட் வந்தது.

பெருநாள் கழிந்து ஹபீபா மாமி வந்து பேசினுக்குள் கையை விட்டா. குஞ்சுகள் சிதறி ஓடின. மாமியின் முகத்தில் அன்றுதான் சிரிப்பைக் கண்டேன்.

"என்ட கையக் கண்டு ஓடுதுகள் மகள், உசிரு மேல ஆச உள்ளதுகள்!"

நாங்கள் ஆக்கிப் போட்டதை ஒரு குஞ்சும் இதுவரை ருசி என்று சொன்னதில்லை. தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த சாப்பாட்டுக்குப் பசியோடு வந்து நிற்பதுதான், தந்தால் அதுகள் தரும் ஒரே பாராட்டு.